உள்ளக வடிவமைப்பு: படிப்பும் பொருளறிவும்

இன்டீரியர் டிசைன் எனப்படும் உள்ளக வடிவமைப்பு, கட்டடத்தின் உட்பகுதியைப் புழங்குவோரின் தேவைக்கேற்ப அமைக்கும் துறையாகும். வண்ணமும் திரைச்சீலையும் அதில் சிறு பகுதியே. 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ள 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். உள்ளக வடிவமைப்பாளருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே பட்டயம் படித்தவரும் தொழில் தொடங்கலாம். அதனாலேயே பொருளறிவு முக்கியமாகிறது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் கொரட்டூர், முகப்பேர் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. கடைகளில் 'எம்.ஆர்.' என்று விற்கும் பிளைவுட் காற்றின் ஈரத்தைத் தாங்கும். நீரில் ஊறினால் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். இத்தகைய பகுதிகளில் சமையலறைத் தொட்டியின் கீழ் அலமாரிக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பலகையே ஏற்றது. விலை கூடுதல்தான்.

அம்பத்தூர், ஆவடி மாணவர்கள் விடுமுறையில் பக்கத்துத் தச்சுப் பட்டறையில் சில நாள் நின்று பார்க்கலாம். 8க்கு 4 அடிப் பலகையை வீணாக்காமல் வெட்டும் கணக்கு அங்கேதான் பிடிபடும். முப்பரிமாணப் படம் வரையும் மென்பொருளை அதன்பின் கற்கலாம், அதற்கு அவசரமில்லை.