மனிதன் தெய்வமாதல்: கத்தோலிக்கக் கொள்கையும் மார்மன் கொள்கையும்

பெரியகுளத்துக்கு அணித்தாய், ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் 2006 ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பெற்றன. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில் பட்ட வீரனுக்கு எடுத்த கல். போரிற் பட்டவன் கல்லில் நின்று வழிபாடு பெறுதல் தொல்காப்பியம் அறிந்த வழக்கு. ஆதலின் மனிதன் தெய்வமாதல் என்பது இப்பகுதி மக்கட்குப் புதிய செய்தியன்று.

இப்பள்ளத்தாக்கின் தென்பால், இராயப்பன்பட்டி முதலிய ஊர்களில் கத்தோலிக்கர் வாழ்ந்து வருகின்றனர். இராயப்பர் என்பது பழைய கத்தோலிக்கத் தமிழில் பேதுருவைக் குறிக்கும் பெயர். (ஊர்ப்பெயரின் வரலாறு வேறோர் ஆராய்ச்சி.) அப்பேதுருவின் பெயரால் வழங்கும் இரண்டாம் திருமுகம், அடியார் இறைத்தன்மையிற் பங்கு பெறுவர் என்று கூறுகின்றது. கத்தோலிக்கர் இதனை ஏற்பர். மார்மன் சமயத்தாரும் ஏற்பர். சொல்லளவில் வேறுபாடில்லை. பொருளளவிலோ இரண்டும் சேய்மைப்பட்டன.

கத்தோலிக்கக் கொள்கையில் தானே நிலைபெற்ற பொருள் ஒன்றே. ஏனைய யாவும் அப்பொருளால் இன்மையிலிருந்து படைக்கப்பட்டவை. ஆன்மாவும் அவ்வாறே. மனிதனைத் தெய்வமாக்கவே தேவன் மனிதனானார் என்று நான்காம் நூற்றாண்டில் அத்தனாசியார் துணிந்து எழுதினார். ஆயினும் அந்நிலை அருளால் வருவதன்றி இயல்பால் வருவதன்று. தீயிற் காய்ந்த இரும்பு தீயின் ஒளியும் வெம்மையும் பெறும். இரும்பென்னும் தன்மை நீங்காது. படைத்தவனுக்கும் படைப்புக்கும் எத்துணை ஒப்புமை கூறினும் அதனினும் மிக்க வேற்றுமை உண்டென 1215 இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம் வரையறுத்தது.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதே மார்மன் சபையின் பெயர். 1830 இல் அமெரிக்காவில் ஜோசப் சுமித் அதனை நிறுவினார். 2018 இல் பெங்களூரில் கோயில் ஒன்று எழுப்பப்போவதாக அச்சபை அறிவித்தமையின், அதன் கொள்கை நமக்குத் தொலைநாட்டுச் செய்தி மட்டுமன்று. பிதா ஊனும் என்பும் உடைய உடம்பினர். அறிவுப் பொருளாகிய ஆன்மாவின் மூலம் படைக்கப்பட்டதன்று. இன்மையிலிருந்து படைப்பு என்பதும் இல்லை. இவை அவர் கொள்கைகள். 1844 ஏப்பிரலில் ஆற்றிய பேருரையில், கடவுளும் ஒருகாலத்து மனிதராயிருந்தே உயர்ந்தவர் என்று சுமித் மொழிந்தார். எனவே கடவுளும் மனிதரும் ஓரினப் பொருள்கள். படியில் மேல் நிற்பார், கீழ் நிற்பார் என்பதே வேறுபாடு. எனினும் உயர்வு பெற்றோர் பிதாவை நீக்கி அவரிடத்தைக் கொள்வர் என்று அவர்கள் கூறுவதில்லை. என்றும் அவரை வழிபட்டே நிற்பர் என்பர். மறுப்போர் பலர் இதனைக் கருதாது விடுதல் முறையன்று.

தமிழ் மாணாக்கர்க்கு இவ்வழக்கு முன்னரே அறிமுகமானது. முத்தியில் ஆன்மா சிவனோடு சமமாய் ஐந்தொழிலும் இயற்றும் என்பது சிவசமவாதம். உமாபதி சிவம் 1313 இல் இயற்றிய சங்கற்ப நிராகரணத்தில் மறுக்கப்படும் கொள்கைகளுள் இதுவும் ஒன்று. மார்மன் கொள்கையைச் சிவசமவாதமெனச் சொல்லிவிட எளிதிற் தோன்றும், முற்றும் பொருந்தாது. ஏனெனில் சிவசமவாதிக்கும் பதி அநாதியே மலமற்றவன். அவன் முன்னர்ப் பசுவாயிருந்தான் என்று சைவர் எவரும் கூறார். கடவுளுக்கே ஒரு முன்வரலாறு கற்பித்தல்தான் சுமித்தின் புதுமை.

சித்தாந்தமோ இருவர்க்கும் இடையே விந்தையாக நிற்கின்றது. ஆன்மா படைக்கப்பட்டதன்று, அநாதி என்னுமிடத்து அது மார்மன் பக்கம். முத்தியிலும் ஆன்மா அடிமையே, ஐந்தொழில் இறைவற்கே உரியது என்னுமிடத்துக் கத்தோலிக்கர் பக்கம். இதனால் ஒன்று தெளிவாகும். ஆன்மாவின் தோற்றம் பற்றிய வினாவும் அதன் முடிவு பற்றிய வினாவும் வெவ்வேறானவை. ஒன்றற்கு விடை கூறியதால் மற்றையதற்கும் விடை கூறியதாகாது. ஆன்மா படைக்கப்படாததாயின் அது கடவுளுக்கு நிகராகிவிடும் என்று அஞ்சுவார்க்கு மெய்கண்டாரின் நூலே விடையாகும். 1606 இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ஆத்தும நிர்ணயம் எழுதியபோது அவர் எதிர்கொண்டது சைவரின் அநாதி ஆன்மாவையே. அவர் இம்மூவரையும் ஒருங்கு கண்டிருப்பின் எவரோடு வாதிட்டிருப்பாரோ!

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் நீரில் அளிக்கும் ஞானஸ்நானம் சீர்திருத்தச் சபையாரிடம் பெற்றதாயினும் கத்தோலிக்கர் அதனை ஏற்பர். மார்மன் சபையாரும் அப்பெயர்களையே கூறுகின்றனர். ஆயினும் அச்சொற்களால் அவர்கள் கருதும் பொருள் வேறாதலின் அவர்தம் ஞானஸ்நானம் செல்லாது என்று 2001 சூன் 5 ஆம் நாள் வத்திக்கான் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் விடையிறுத்தது. அச்சபையினின்று கத்தோலிக்க மறைக்கு வருவோர் இன்றும் முதன்முறை ஞானஸ்நானம் பெறுவாராகவே கொள்ளப்படுகின்றனர்.