சாக்கட்டி காட்டிய விரிசல்

மும்பை சயான் ரயில் நிலையத்தில் இறங்கி, தாராவி 60 அடி ரோட்டுக்குப் பின்னால் போனால், ஒரு சந்தின் கோடியில் தகரக் கூரை போட்ட மோட்டார் பட்டறை ஒன்று இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் எப்போதும் இரண்டு டாக்சி, ஒரு டெம்போ நிற்கும். உள்ளே காக்கி அரைக்கால் சட்டையும் பனியனுமாக ஒரு பெரியவர் குனிந்திருப்பார். வயது 71. திருநெல்வேலிச் சீமைக்காரர். பேட்டை முழுவதும் அவரை ‘அண்ணாச்சி’ என்றே அழைக்கிறது.

கடந்த மழைக்காலம் முடிந்த கையோடு இந்தச் சந்துக்குள் சிவப்பு நிறக் கார் ஒன்று வந்து நின்றது. இரண்டே பேர் உட்காரலாம். துணிக்கூரை. இடுப்பளவு உயரம்கூட இல்லாத மூக்கு. குழந்தைகள் சூழ்ந்துகொண்டார்கள். இங்கிலாந்தில் 1968-ல் செய்யப்பட்ட ‘டிரையம்ப் ஸ்பிட்ஃபயர்’ என்ற பந்தய பாணிக் கார் அது. 1,296 சி.சி. என்ஜின், எடை ஏறத்தாழ 700 கிலோதான்.

மேடு பள்ளத்தில் விழுந்தால் கட்டையால் அடித்தது போலச் சத்தம். வளைவில் திருப்பினால் பின்பக்கம் தூக்கிப் போடுகிறது. இதுதான் சொந்தக்காரரான குஜராத்தி சேட்டின் புகார். பெரிய பட்டறைகளில் இரண்டு இடம் காட்டிவிட்டு, மூன்றாவதாகத்தான் இந்தச் சந்தைத் தேடி வந்தார். காரணம், யாரோ அவரிடம் சொன்ன ஒரே வார்த்தை: “மெட்ராஸ் ஹெரால்டு வேலை தெரிந்த அண்ணா ஒருவர் தாராவியில் இருக்கிறார்.”

ஹெரால்டு சொல்லிக் கொடுத்த பாடம்

சீமைக் காருக்கும் சென்னை ஹெரால்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் ரத்த சம்பந்தம்.

1959-ல் இங்கிலாந்தில் வெளிவந்தது டிரையம்ப் ஹெரால்டு. இத்தாலிய ஓவியர் ஜியோவானி மிக்கெலாட்டி அதற்கு உருவம் கொடுத்தார். அதன் அடிச்சட்டத்தைச் சுருக்கி, அதே அச்சும் அதே ஸ்பிரிங் அமைப்பும் வைத்து 1962-ல் கட்டியதுதான் ஸ்பிட்ஃபயர். 1980 வரை மூன்று லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அந்த ஹெரால்டைத்தான் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் பத்தாண்டு காலம் தயாரித்தது. இங்கிலாந்தில் இல்லாத நாலு கதவு ஹெரால்டு சென்னையில் உருவானது.

அண்ணாச்சி 1968-ல் பதினான்கு வயதில் சென்னை புதுப்பேட்டைக்கு வந்தார். ஒரு பட்டறையில் எடுபிடிப் பையன். காலையில் ஸ்பேனரைத் துடைத்து வரிசையாக அடுக்க வேண்டும்; இரவு அந்தப் பட்டறையிலேயே படுக்க வேண்டும். அங்கே வந்த கார்களில் பாதி ஹெரால்டு. ஆறு வருஷம் அவற்றின் அடியில் மல்லாந்து கிடந்தார். 1974-ல் ரயிலேறி பம்பாய் வந்து, டாக்சி வேலையில் இறங்கினார். ஹெரால்டு மறைந்தது. அதற்கு வாரிசாக வந்த கசல் காரும் நின்றது. கற்ற வித்தை மட்டும் கையில் நின்றது.

முன்சக்கரத்தின் ரகசியம்

அண்ணாச்சி காரை ஜாக்கியில் ஏற்றி, முட்டுக்கட்டை வைத்து, முன்சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டினார். இடதுபக்கச் சக்கரம் ‘கடக்’ என்றது. பிறகு பேசவில்லை. சக்கரத்தைக் கழற்றினார்.

இந்த வகைக் காரில் முன்சக்கரத்தைத் தாங்கி நிற்பது ஓர் எஃகுத் தண்டு. அதன் அடிமுனையில் மரை போட்டிருக்கும். அந்த மரை ஒரு வெண்கலக் கட்டிக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டிக்கு ட்ரன்னியன் என்று பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் எஃகு மரை வெண்கலத்துக்குள் திரும்புகிறது. இடதுபக்கக் கட்டிக்கு இடதுமரை, வலதுபக்கத்துக்கு வலதுமரை. மாற்றிப் போட முடியாது.

இதற்குப் போட வேண்டியது கிரீஸ் அல்ல. 90 நம்பர் கியர் ஆயில். சின்ன அடைப்பானைக் கழற்றி, அந்த இடத்தில் நிப்பிளை மாட்டி, கன்னில் எண்ணெய் ஊற்றி, மேலே கசியும் வரை அடிக்க வேண்டும். ஆனால் நிப்பிளைப் பார்த்தவுடன் கிரீஸ் அடிப்பது பட்டறைக்காரர் கையில் ஊறிய பழக்கம். கிரீஸ் நாளடைவில் இறுகி, மரைக்குள் போகாமல் நின்றுவிடும். தண்ணீர் மட்டும் போகும். உள்ளே துரு பிடிக்கும். ஒரு நாள் தண்டு மரை தொடங்கும் இடத்தில் ஒடியும். சக்கரம் மடிந்து வெளியே சாய, காரின் மூக்கு தரையில் விழும்.

“மெதுவாத் திருப்பும்போது ஒடிஞ்சா பிழைச்சோம். ஓட்டத்துல ஒடிஞ்சா?” என்று கேட்டுவிட்டு, அண்ணாச்சி கழற்றிய கட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். தார் போல இறுகிய கிரீஸ் உள்ளே இருந்தது. முன்பு பார்த்த யாரோ அடித்தது.

சாக்கட்டி சோதனை

தண்டைக் கெரசினில் ஊறவைத்துக் கழுவினார். மரையில் துருக்குழிகள். ஆனால் விரிசல் கண்ணுக்குத் தெரியவில்லை. உதவிக்கு இருக்கும் பதினெட்டு வயதுப் பையன், “நல்லாத்தானே இருக்கு அண்ணாச்சி” என்றான்.

“இருலே, பொறு” என்றார் பெரியவர். தண்டைத் துணியால் துடைத்து உலர்த்தினார். சாக்கட்டியை இடித்துத் தூளாக்கி, மரையின் மேல் பூசினார். ஒரு பீடி பிடிக்கும் நேரம் காத்திருந்தார். வெள்ளைத் தூளில், மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு மெல்ல எழுந்தது. விரிசலுக்குள் புகுந்திருந்த கெரசின் வெளியே ஊறிவந்து தூளை நனைத்த கோடு அது.

அந்தக் காலத்து ரயில்வே பட்டறைகளில் அச்சுகளையும் இரும்புப் பாகங்களையும் சோதித்த முறை இதுவே. எண்ணெய், சுண்ணத்தூள், பொறுமை: மூன்றும் போதும்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம்

சிக்கல் இனிமேல்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் ஊர்வலம். சேட் பெயர் கொடுத்துவிட்டார். உறவினர்களையும் அழைத்துவிட்டார். புதிய தண்டும் கட்டியும் இங்கிலாந்திலிருந்து வரவேண்டும். மூன்று வாரமாவது ஆகும்.

“மெதுவாக ஓட்டிக்கொள்கிறேன், அண்ணா. பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தானே. பழையதையே எண்ணெய் போட்டு மாட்டுங்கள். ஊர்வலம் முடிந்ததும் மாற்றலாம்” என்றார் சேட். பேசிய கூலிக்கு மேலேயே தருவதாகவும் சொன்னார்.

பட்டறையில் அந்த மாதம் வேலை குறைவு. வாடகை பாக்கி. பையனுக்குச் சம்பளம் தர வேண்டும். அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் தண்டைத் தூக்கி சேட்டின் கையில் கொடுத்தார். கோட்டின் மேல் விரலை வைத்தார்.

“சேட்ஜி, வேறு பட்டறையில் மாட்டிக்கொள்ளுங்கள், தடுக்கமாட்டேன். என் கையால் மாட்டமாட்டேன். ஊர்வலத்தில் ரோட்டின் இரண்டு பக்கமும் பிள்ளைகள் நிற்கும்.”

சேட் அந்தக் கோட்டையே வெகுநேரம் பார்த்தார். பிறகு போனை எடுத்து, ஊர்வலத்துக்கு வரவில்லை என்று சொன்னார். முகம் வாடித்தான் இருந்தது. ஆனால் காரை எடுத்துப் போகவில்லை.

பின்பக்கப் பட்டை

சாமான் வரும்வரை அண்ணாச்சி பின்பக்கத்தைப் பிரித்தார். ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டுக்கும் பின்னால் ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். அது லாரியில் போல நீளவாக்கில் இல்லாமல், குறுக்கே கிடக்கும். நடுப்பாகம் டிஃபரன்ஷியலின் தலையில் இறுகியிருக்கும். இரு முனையும் இரு சக்கரத்தைத் தாங்கும். வேகமாக வளையும்போது காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்தால், பின்பக்கம் எழும்பி, வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். 1970-ல் இங்கிலாந்துக்காரர்கள் அடிப்பட்டையை மட்டும் இறுக்கி, மற்றவற்றை அசையவிட்டு, இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தார்கள். நம் கசல் காரிலோ அந்த அச்சையே கைவிட்டு, வழக்கமான முழு அச்சு வைத்தார்கள். சேட்டின் கார் 1968-ஐச் சேர்ந்தது; பழைய குணம் அதனிடம் உண்டு. பட்டை தளர்ந்தால் அந்தக் குணம் இன்னும் கெடும்.

பட்டை தளர்ந்துதான் இருந்தது. பிரித்துத் துருவைச் சுரண்டி, ஸ்பிரிங் பட்டறையில் கொடுத்து வளைவேற்றி வாங்கினார். பட்டைகளுக்கு இடையே தேய்ந்துபோன ரப்பர் வில்லைகளை மாற்றினார். ஷாக் அப்சார்பர் நான்கும் புதிது. முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கைக் கழற்றும்போது மட்டும் பையனை அருகில் விடவில்லை. அமுக்கி வைத்த ஸ்பிரிங் நழுவினால் ஆளை அடித்துவிடும்.

புஷ் விஷயத்தில் ஒரு வாதம் நடந்தது. பாலியுரேத்தேன் புஷ் போடலாம், நெடுநாள் உழைக்கும் என்றார் சேட். “உழைக்கும். ஆனா மும்பை ரோட்டுக் குழி ஒவ்வொண்ணும் உங்க முதுகுல கேக்கும்” என்றார் அண்ணாச்சி. ரப்பர்தான் போட்டார்கள்.

ஆள் உட்கார்ந்த பிறகே இறுக்கம்

சொந்தமாகப் பழைய வண்டி வைத்திருக்கும் வாசகர்கள் இந்த ஒரு சங்கதியைக் குறித்துக்கொள்ளலாம். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டை, கார் ஜாக்கியில் தொங்கும்போது முழுதாக இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கினால், கார் தரைக்கு வந்ததும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். சில மாதத்தில் கிழிந்துவிடும். காரை இறக்கி, கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி, பாரம் ஏற்றி, அதன் பிறகே கடைசி இறுக்கம்.

நான்காவது வாரம் சாமான் வந்து எல்லாம் மாட்டியானதும், பையனையும் பக்கத்து டீக்கடைக்காரரையும் இரண்டு இருக்கையிலும் உட்காரச் சொல்லிவிட்டு, அண்ணாச்சி காரின் அடியில் நுழைந்தார். சந்தே கூடி நின்று பார்த்தது. கடைசி நட்டு இறுகும்வரை டீக்கடைக்காரர் ராஜா மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை சேட் வந்து 60 அடி ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வந்தார். குழியில் இறங்கிய கார் சத்தமில்லாமல் ஏறியது. இறங்கி வந்து, அண்ணாச்சியின் கறுத்த கையைப் பிடித்துக் குலுக்கினார். பேசிய கூலியைக் கொடுத்தார். அடுத்த வருஷ ஊர்வலத்துக்கு அண்ணாச்சி பக்கத்து இருக்கையில் வரவேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணாச்சியின் மகன் பன்வேலில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். பட்டறைக்கு வரமாட்டார். அதில் பெரியவருக்கு வருத்தம் இல்லை. விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த இந்தப் பையன்தான் இப்போது வாரிசு.

விரிசல் விழுந்த அந்தத் தண்டு பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. அதன் கீழே பையன் சாக்கட்டியால் தன் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறான்: “கிரீஸ் வேண்டாம். எண்ணெய்.”