உறைந்த குழாய்களும் உடையும் கட்டடங்களும்

2021 பிப்ரவரி நடுவில், அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள டெக்சாஸ் மாநிலத்தைக் கடுங்குளிர் தாக்கியது. டல்லாஸ் நகரில் வெப்பநிலை −19 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. வெயில் மிகுந்த அம்மாநிலத்தில் நீர்க்குழாய்களைப் புறச்சுவர்களிலும் கூரைக்கடியிலும் பதிப்பது வழக்கம். மின்சாரம் தடைப்பட்டதும் அறைகளைச் சூடாக்கும் கருவிகள் நின்றன. ஆளில்லாத அலுவலகங்களிலும் கடைகளிலும் குழாய்நீர் உறைந்தது. குளிர் தணிந்து கதவுகளைத் திறந்தவர்களுள் பலர் கண்டது, இடிந்து விழுந்த மேற்கூரையையும் நீரில் மிதக்கும் பொருள்களையுமே.

உறையும்போது நீரின் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகுகிறது. பனிக்கட்டி குழாயின் சுவரை நெருக்கிப் பிளக்கிறது என்றே பலரும் எண்ணுவர். பெரும்பாலும் நிகழ்வது வேறு. குழாயினுள் உருவாகும் பனிக்கட்டி ஓர் அடைப்பாகி, நீளவாக்கில் வளர்கிறது. வளருந்தோறும் இருபுறமுள்ள நீரையும் தள்ளுகிறது. தெருக்குழாயின் பக்கம் நீர் பின்வாங்க இடமுண்டு. மூடிய திருகின் பக்கம் இடமில்லை. நீரோ அழுத்தினால் சுருங்காத பொருள். ஆகவே, அடைப்புக்கும் திருகுக்கும் இடையில் சிக்கிய நீரின் அழுத்தம் ஏறிக்கொண்டே சென்று, வலுக்குறைந்த இடத்தில் குழாய் பிளக்கிறது. பிளவு தோன்றும் இடத்தில் பனிக்கட்டியே இல்லாமலும் இருக்கலாம்!

திருகைச் சற்றே திறந்து நீரைச் சொட்டவிடுமாறு கூறுவதன் காரணம் இப்போது விளங்கும். ஓடும் நீர் உறையாது என்பதற்காக மட்டுமன்று. சிக்கிய நீரின் அழுத்தம் வெளியேற அச்சொட்டு வழிவிடுகிறது. உடைந்த குழாய் உடனே பீறிடாததற்கும் இதுவே காரணம். பனிக்கட்டி உருகும்வரை அதுவே மூடியாக நின்று நீரைத் தடுக்கிறது.

வணிகக் கட்டடங்களில் இடர் இன்னும் மிகுதி. வார இறுதியிலும் விடுமுறையிலும் அங்கு ஆளிருப்பதில்லை. மேலும், தீயணைக்கும் நீர்த்தெளிப்பான் குழாய்களில் நீர் ஆண்டு முழுவதும் அசையாமல் நிற்கிறது. அவற்றைச் சொட்டவிடவும் இயலாது. எனவே, நீர் நிரம்பிய அத்தகைய குழாய்கள் செல்லும் இடங்களை 4 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. சூடாக்க முடியாத கிடங்குகளில், குழாய்களில் அழுத்தக் காற்றை நிரப்பி வைப்பர். தீயின் வெப்பத்தால் தெளிப்பான் திறந்து காற்று வெளியேறிய பின்னரே நீர் உட்புகும்.

குழாய் உறைந்ததை எவ்வாறு அறிவது? ஓரிடத்தில் நீர் வரத்து மெலிந்தோ முற்றும் நின்றோ போக, பிற இடங்களில் வழக்கம்போல் வந்தால், அப்பாதையை ஐயுறலாம். குழாயின்மேல் வெண்பனி படர்ந்திருப்பதும் புடைப்புத் தோன்றுவதும் தெளிவான அடையாளங்கள். புறச்சுவரை ஒட்டிய கழிவறை, படிக்கட்டுக் கூடம், சரக்கு இறக்கும் வாயில், பொய்க்கூரையின் மேற்புறம் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

வெப்பக்காப்பு உறை வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துமேயன்றி, வெப்பத்தை உண்டாக்காது. குளிர் நீடித்தால் உறையிட்ட குழாயும் உறையும். ஆதலால், ஆளில்லாத நாள்களிலும் கட்டடத்தை ஏறத்தாழ 13 டிகிரி வெப்பத்தில் வைத்திருப்பதே முதன்மையான காப்பு. நெடுநாள் மூடும் கட்டடமாயின், தலைமை வால்வை மூடிக் குடிநீர்க் குழாய்களை வடித்துவிடலாம். தெளிப்பான் குழாய்களை அவ்வாறு வடித்தால் கட்டடம் தீக்காப்பை இழக்கும்; அவற்றில் தேர்ந்தவரே கைவைக்க வேண்டும்.

உறைந்த குழாயை உருக்குவதற்கு முன், தலைமை வால்வு இருக்குமிடம் தெரிந்திருக்க வேண்டும். பின்னர்த் திருகைத் திறந்துவிட்டு, அதன் பக்கத்திலிருந்து தொடங்கி அடைப்பை நோக்கி வெதுவெதுப்பான காற்றைச் செலுத்துவர். நடுவில் சூடேற்றினால் உருகிய நீர் வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொள்ளும். தீச்சுடரைக் குழாயருகே கொண்டுசெல்லவே கூடாது. சுவருக்குள் இருக்கும் மரச்சட்டம் பற்றிக்கொண்டால், அணைப்பதற்குரிய நீர் அதே குழாயில் உறைந்து கிடக்கும்.