குருமார் இல்லாத கோவில்

தெய்வம் உலகைவிட்டு நீங்கிவிட்டால் அதை வணங்கி வந்த மக்கள் என்ன செய்வர்? கற்பனைக் கதை எழுதுவோர் விரும்பி எடுத்தாளும் கேள்வி இது. ஆயினும் மாணவ நண்பர்களே, இறையருள் இவ்வுலகைவிட்டு நீங்கிற்று என்று மெய்யாகவே நம்பிய மக்கள் வரலாற்றில் உண்டு. ருஷிய நாட்டின் 'பழைய விசுவாசிகள்' என்போரே அவர்கள்.

1652ஆம் ஆண்டில் நிக்கன் என்பவர் ருஷியத் திருச்சபையின் தலைவரானார். தம் நாட்டு வழிபாட்டு முறைகளை அக்காலக் கிரேக்கத் திருச்சபையின் முறைகளோடு ஒத்திருக்கத் திருத்தினார். இரு விரல்களால் இட்டுவந்த சிலுவை அடையாளத்தை மூன்று விரல்களால் இட வேண்டும். அல்லேலூயாவை இருமுறைக்குப் பதிலாக மும்முறை பாட வேண்டும். இயேசுவின் திருப்பெயரில் ஓரெழுத்தைக் கூட்டி எழுத வேண்டும் என்றெல்லாம் ஆணை பிறந்தது. இதற்காகவா சண்டை என்று நீங்கள் நகைக்கலாம். ஓரெழுத்துப் பிழைக்காகச் சிறுவர்களின் ஏடுகளில் ஆயுள் முழுதும் சிவப்பு மையைச் செலவிட்ட எனக்கு நகைக்கும் உரிமை இல்லை. தம் முன்னோர் இரு விரலால் சிலுவையிட்டே புனிதரானார்கள், இன்று அதுவே குற்றமென்றால் அவர்கள் கதி என்ன என்று அம்மக்கள் கேட்டார்கள். அதற்கு யாரும் நேரான விடை கூறவில்லை. 1666-67இல் கூடிய பேரவை பழைய முறையினரைச் சபித்தது. நிக்கனையும் அதே பேரவை பதவியினின்று நீக்கிற்று என்பது வேடிக்கை. 1682இல் அவ்வக்கும் என்னும் குருவை உயிரோடு எரித்தனர்.

இனித்தான் உண்மையான இடர்ப்பாடு தொடங்குகிறது. அத்திருச்சபையின் விதிப்படி, மேற்றிராணியார் ஒருவர் கைவைத்துப் பட்டம் அளித்தாலன்றி எவரும் குருவாக இயலாது. வெளிப்படையாக எதிர்த்துநின்ற மேற்றிராணியார் பாவெல் ஒருவரே; அவரும் 1656இலேயே மறைந்தார். பழைய குருமார் முதுமையுற்று ஒவ்வொருவராய் இறந்தனர். புதியவர் வர வழியில்லை. குரு இல்லையேல் நற்கருணை இல்லை, திருமணமும் இல்லை.

சிலர் அரசுத் திருச்சபையிலிருந்து ஓடிவந்த குருமாரை ஏற்றுக்கொண்டு காலம் தள்ளினர். 1846இல் அம்புரோசு என்னும் மேற்றிராணியார், அன்று ஆஸ்திரியப் பேரரசில் இருந்த பேலயா கிரினித்சாவில் அவர்களோடு சேர்ந்த பின்னரே அவர்களுக்குத் தமக்கென ஒரு குரு மரபு கிட்டிற்று. மற்றவர் இதற்கு இணங்கவில்லை. அந்திக் கிறிஸ்துவின் ஆட்சி வந்துவிட்டது, குருத்துவமே உலகில் அற்றுப்போயிற்று என்பது அவர்கள் துணிபு. ஞானஸ்நானத்தையும் பாவ அறிக்கையையும் மட்டும் குருவல்லாத பெரியவர்களே நடத்தினர்.

இவர்களைப் பல கிளைகளாய்ப் பிளந்தது தத்துவம் அன்று, அன்றாட வாழ்க்கையே. திருமணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மணம் செய்விக்கக் குரு இல்லாதபோது யாவரும் துறவியராகவே வாழ வேண்டும் என்றனர் தியோதோசியர். மனித இயல்பு அதற்கு உடன்படுமா? குழந்தைகள் பிறந்தார்கள். மணந்தவரைத் தண்டிப்பதா, விலக்குவதா, கண்மூடியிருப்பதா என்று தலைமுறை தலைமுறையாய் வாதிட்டனர். பொமோரியருள் பலர், பெற்றோர் ஆசியும் மணமக்கள் சம்மதமும் போதும் என்று காலப்போக்கில் ஒப்புக்கொண்டனர். என் கருத்தில் இவர்களே அறிவுடையோர். பேரரசருக்காகச் செபிக்க விக் ஆற்றங்கரைத் துறவிகள் 1730களின் இறுதியில் இசைந்தபோது, பிலிப்பு என்பவர் சினந்து வெளியேறி ஒரு கிளை கண்டார். கடவுச்சீட்டில் அந்திக் கிறிஸ்துவின் முத்திரை உள்ளது என்று அதை மறுத்து நாடோடிகளானோர் ஒரு சாரார். அவர்களுக்கு அடைக்கலம் தந்த வீட்டுக்காரரும், வீடற்றவராய் இறக்க வேண்டும் என்பதற்காகச் சாகும் தறுவாயில் தம் இல்லத்தைவிட்டு வெளியே எடுத்துச் செல்லப்பட்டார்.

அனைவரினும் என் மனத்தைத் தொட்டவர் 'துளையினர்' எனப்பட்ட சிறு கூட்டத்தினர். புதிய திருவுருவங்கள் மாசுபட்டவை. பழையனவற்றையும் புனிதப்படுத்தக் குரு இல்லை. ஆகவே உருவமின்றிக் கிழக்கு நோக்கி வணங்கினர். கண்ணாடிச் சாளரம் இடையில் நிற்கலாகாது. கடுங்குளிரில் வெளியில் நிற்கவும் இயலாது. எனவே கிழக்குச் சுவரில் ஒரு துளையிட்டனர். செபவேளையில் அடைப்பை எடுப்பர். முடிந்ததும் மீண்டும் அடைப்பர்.

1905இல் பேரரசர் இவர்களுக்கு வழிபாட்டுரிமை அளித்தார். 1971இல் ருஷியத் திருச்சபை பழைய சாபத்தை நீக்கிற்று. அதற்குள் முந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன, கிளைகள் ஒன்றுகூடவில்லை.

அச்சாபம் நீங்கிய செய்தியை அறியாத குடும்பம் ஒன்றும் இருந்தது. 1978இல் சைபீரியக் காட்டில் கனிமம் தேடிச் சென்ற ஆராய்ச்சியாளர், 1936 முதல் தனித்து வாழ்ந்துவந்த லிக்கோவ் குடும்பத்தாரைக் கண்டனர். இரண்டாம் உலகப் போர் நடந்ததே அவர்களுக்குத் தெரியாது. வந்தவர் கொடுத்த பொருள்களுள் முதலில் அவர்கள் ஏற்றது உப்பு ஒன்றுதான். தாயார் அக்குலீனா 1961இல் பஞ்சத்தில் இறந்திருந்தார். அவர் தம் மக்களுக்கு எழுதப் படிக்கக் கற்பித்திருந்தார். பலகை இல்லை, மை இல்லை. கூராக்கிய பிர்ச்சுக் குச்சியைக் காட்டுப் பழச்சாற்றில் தோய்த்து எழுதப் பழக்கினாராம்.