குருதி உறைவும் குளிசையும்

கால் வீக்கம் வற்றியதும் குளிசையை நிறுத்திவிடுதல் நம்மவரிடையே காணப்படும் வழக்கமாகும். ஆழ்நாளங்களிற் குருதி உறைந்தோர்க்கு இவ்வழக்கம் உயிருக்கே ஊறு விளைக்கவல்லது.

காயத்திற் குருதி உறைதல் நன்று. நாளத்தினுள்ளே உறைதல் தீது. சத்திரசிகிச்சையின் பின் நெடுநாட் படுத்திருப்போர்க்கு இது நேர்தலுண்டு. காலில் உண்டாகிய கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்குமாயின் மரணமும் நேரலாம். இதனைத் தடுக்கும் குளிசைகளுள் நெடுங்காலம் வழங்கி வருவது வார்பரின்.

அது பிறந்த வரலாறு பழைய மாணவராகிய நமக்கு உவப்பளிப்பது. வட அமெரிக்காவில் 1920ஆம் ஆண்டுகளில், பழுதுற்ற குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் குருதி நில்லாது மடிந்தன. 1933இல் விஸ்கொன்சின் மாநிலத்து உழவர் ஒருவர், இறந்த பசுவையும் உறையாத குருதி கொண்ட பாற்கலத்தையும் பனிப்புயலினூடே பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசென்றார். கார்ள் லிங்க் என்னும் பேராசிரியரும் அவர்தம் மாணவரும் பல்லாண்டு உழைத்து அந்நஞ்சினைப் பிரித்தெடுத்தனர். அதன் வழிவந்த வார்பரின் 1948இல் எலிநஞ்சாயிற்று. 1954இல் மனிதர்க்கு மருந்தாயிற்று. ஆய்வுக்குப் பொருளுதவிய விஸ்கொன்சின் பழைய மாணவர் ஆராய்ச்சி நிதியத்தின் ஆங்கில முதலெழுத்துக்களே அப்பெயரின் முற்பகுதி. பழைய மாணவர் சங்கங்கள் விருந்துண்டு கலைதற்கு மட்டும் உரியனவல்ல என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ!

வார்பரின் குருதியை நீர்க்கச் செய்வதன்று, கட்டியைக் கரைப்பதுமன்று. உயிர்ச்சத்து கே கொண்டு ஈரல் ஆக்கும் உறைபொருள்களைக் குறைத்து, கட்டி வளராது காப்பதே அதன் தொழில். கரைக்கும் பணியை உடலே மெல்லச் செய்யும். ஆதலின் குறைந்தது 3 மாதம் உண்ணல் வேண்டும். காரணம் புலப்படாத உறைவாயின் இன்னும் நெடிது. குளிசையின் முழுப்பயன் தோன்றச் சில நாள் செல்லுமாதலின், தொடக்கத்தில் ஊசிமருந்தும் உடன் வேண்டும்.

அளவு குறையின் கட்டி வளரும். மிகின் குருதி கசியும். ஐ.என்.ஆர். என்னும் சோதனையெண் பெரும்பாலும் 2க்கும் 3க்கும் இடையில் நிற்றல் வேண்டும். பேசாலையிலோ தலைமன்னாரிலோ இருந்து இச்சோதனைக்கெனப் புறப்படுவோர்க்கு ஒரு நாளுழைப்புப் போய்விடும். கடற்றொழிலாளர் தயங்குதல் இயல்பே. ஆயினும் சோதனையின்றி வார்பரின் உண்டல் திசையறியாது தோணி விடுதல் போலாம்.

முற்றத்து முருங்கையை மறத்தல் வேண்டுமோ என வினவுவார் உளர். வேண்டா. கீரையில் உயிர்ச்சத்து கே மிகுதி. ஆதலின் ஒரு வாரம் நிரம்ப உண்டு மறுவாரம் முற்றும் விடுதலே தவறு. ஒரு நாள் மறந்தவர் மறுநாள் இரட்டித்து உண்ணலாகாது. நோவுக்கு அஸ்பிரினோ நாட்டு மருந்தோ வைத்தியர் அறியாமற் சேர்த்தலும் ஆகாது. கருவுற்றோர்க்குக் குளிசை விலக்கி ஊசியே தருவர்.

அபிக்சபான், ரிவரொக்சபான் முதலிய புதிய குளிசைகளுக்கு ஐ.என்.ஆர். சோதனை வேண்டுவதில்லை. எனினும் வேளை தவறின் அவற்றின் காப்பு விரைந்து நீங்கும். செயற்கை உலோக இதயவால்வு உடையோர்க்கு அவை பொருந்தா.

எக்குளிசை உண்பவராயினும், மலம் கரிதாயினும் தலையில் அடிபடினும், குளிசையின் பெயரைச் சொல்லி உடனே வைத்தியரை நாடுக.