கடல்நீரின் கணக்கு

கடல் என்றும் மாறாதது எனக் கருதுவது வழக்கம். அதற்கு ஆதாரமும் உண்டு. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய 'சலஞ்சர்' கப்பல் கொணர்ந்த நீரில் 77 மாதிரிகளை இரசாயன அறிஞர் டிட்மார் ஆராய்ந்தார். உப்பின் செறிவு இடத்துக்கிடம் வேறுபட்டபோதும், அதிலடங்கிய முக்கிய கூறுகளின் விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

ஆயினும் மாறுவதும் ஒன்றுண்டு. ஹவாய்த் தீவுகளுக்கு வடக்கே 'அலோஹா' என்னும் நிலையத்துக்கு 1988 முதல் ஏறக்குறைய மாதந்தோறும் ஆய்வுக் கப்பல் சென்று வருகின்றது. வளியிலுள்ள காபனீரொட்சைட்டைக் கடல் உறிஞ்சுவதால் நீரின் காரத்தன்மை சிறிது சிறிதாகக் குறைவதை அவ்வளவைகள் காட்டின. கைத்தொழில் யுகத்துக்கு முன்னர் 8.2 அளவிலிருந்த உலகக் கடல் மேற்பரப்பின் பி.எச். பெறுமானம் இன்று 8.1 அளவுக்கு இறங்கியுள்ளது. அற்பமெனத் தோன்றும் இவ்விறக்கம், அமிலத்தன்மை தரும் ஐதரசன் அயன்கள் ஏறத்தாழ 30 சதவீதம் பெருகியதைக் குறிக்கும். சிப்பி ஓடமைக்கவும் பவளம் வளரவும் வேண்டிய காபனேற்று அயன்கள் இதனாற் குறைகின்றன.

ஒருநாள் அளவை இதனைக் காட்டாது. ஓரிடத்தைப் பல்லாண்டு அளந்தோர்க்கே இது புலப்பட்டது. அளப்பதை நிறுத்தினால் மாற்றம் நின்றுவிடாது. அதனை அறியும் வழியே அடைபடும்.