குழாயை மூடவும் முறை உண்டு

1996இல் அமெரிக்காவின் சாண்டா மோனிகா நகரம் தன் குடிநீர்க் கிணறுகள் பலவற்றை மூட நேர்ந்தது. பெட்ரோலில் சேர்க்கப்பட்ட எம்.டி.பி.இ. என்ற வேதிப்பொருள் நிலத்தடித் தொட்டிகளிலிருந்து கசிந்து நீரில் கலந்திருந்தது. நகரின் நீர்வரத்தில் ஏறக்குறைய பாதி கைவிட்டுப் போயிற்று.

இத்தகைய இடங்களில் மாசு எதுவரை பரவியிருக்கிறது என்று அறியக் கண்காணிப்புக் கிணறுகள் இறக்குவார்கள். பெரும்பாலும் 2 அல்லது 4 அங்குல பிவிசி குழாய்தான். அடிப்பகுதியில் நீர் புக வெட்டுகள் இருக்கும். துப்புரவு முடிந்தபின் அதை அப்படியே விட்டால், மேலே சிந்தும் எண்ணெய் நிலத்தடி நீருக்கு நேரே இறங்க அதுவே வழியாகிவிடும்.

மண்ணைக் கொட்டி மூடினால் போதாதா? போதாது. மண் நடுவில் அடைத்துக்கொண்டு, கீழே வெற்றிடம் நிற்கும். அதனால் பம்பை எடுத்துவிட்டு, ஆழத்தை அளந்து பழைய பதிவோடு ஒப்பிடுகிறார்கள். பிறகு மெல்லிய குழாயை அடிவரை இறக்கி, சிமெண்ட் குழம்பைக் கீழிருந்து மேலாக நிரப்புகிறார்கள். 43 கிலோ மூட்டைக்குச் சுமார் 20 லிட்டர் தண்ணீர். அளவு மீறினால் இறுகும்போது சுருங்கிவிடும். நீரில் ஊதும் பெண்டோனைட் களிமண்ணும் உதவும், ஆனால் எண்ணெய் மிதக்கும் கிணற்றில் அது சரியாக ஊதாது. குழாயைச் சுற்றியுள்ள அடைப்பில் ஐயம் இருந்தால், குழாயையே துளைத்தெடுத்துவிட்டு நிரப்ப வேண்டும். செலவு கூடும்தான், சிக்கனம் பார்க்கும் இடம் இதுவல்ல.

பெட்ரோல் ஆவி தீப்பற்றும் என்பதால் வாயுமானி அருகிலேயே இருக்கும். வெளிவரும் நீரையும் மண்ணையும் சோதிக்காமல் கொட்டக் கூடாது. மறுநாள் சிமெண்ட் தாழ்ந்திருந்தால் மேலும் ஊற்றி, கிணறு இருந்த இடத்தையும் மூடிய முறையையும் எழுதி அதிகாரிகளிடம் ஒப்படைக்கிறார்கள்.